பணக்காரத் தந்தையும் வில்லாபுரத்து மாப்பிள்ளையும்

பணக்காரன் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகங்கள் என் அலமாரியில் மொத்தம் பதினெட்டு இருக்கின்றன. ஆனால் தலைப்புகள் பதினேழுதான். கணக்கு எங்கோ இடிக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். கணக்கு இடிக்காத ஆளாக இருந்தால் நான் ஏன் பதினெட்டுப் புத்தகம் வாங்கப்போகிறேன்?

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வந்தால் வருஷம் தவறாமல் போய்விடுவேன். போகும்போது சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருக்கும்: இரண்டு நாவல், ஒரு வரலாறு, மகளுக்கு ஒரு அகராதி. திரும்பும்போது அதே பையில் மிளகாய் பஜ்ஜி எண்ணெய்க் கறையும், கையில் 'செல்வம்' என்று அட்டையில் பொன்னெழுத்து போட்ட புத்தகமும் இருக்கும். என் அப்பா இப்படி இல்லை. புதுமண்டபத்துக்குள் கடைகள் இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு பஞ்சாங்கம் வாங்குவார், எப்போதாவது பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை. அவரும் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் ஆகிவிடுவாய் என்று யாரும் அவரிடம் காசு வாங்கவில்லை.

முதலில் வாங்கியது சோம. வள்ளியப்பன் எழுதிய 'அள்ள அள்ளப் பணம்'. அவர்மேல் குற்றமே இல்லை. பங்கு என்றால் என்ன, சந்தை எப்படி நடக்கிறது என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுவதுபோல நிதானமாகச் சொல்கிறார். நான்தான் தலைப்பை மட்டும் நம்பி, அள்ளுகிற இடம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று புரட்டிக்கொண்டே போனேன். நூறு பக்கம் தாண்டியும் மனிதர் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார். பாடம் படிக்கிற பழக்கம் இருந்திருந்தால் நான் எழுத்தராகச் சேர்ந்து எழுத்தராகவே நரைத்திருப்பேனா?

பிறகு வந்தது ராபர்ட் கியோசாகி. 1997இல் அமெரிக்காவில் வந்து உலகத்தையே ஆட்டிய 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'. அதில் ஒரு சேதி: பையில் பணம் போடுவது சொத்து, பையிலிருந்து பணம் எடுப்பது சுமை, ஆகவே நீங்கள் குடியிருக்கும் வீடு சொத்தே அல்ல. படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், "இந்த வீடு ஒரு சுமை" என்று சபையில் அறிவித்தேன். சபையில் என் மாமியார் இருந்தார். அந்த வீட்டுக்கு முக்கால்வாசிப் பணம் கொடுத்தவர் அவர்தான்.

எங்கள் பக்கத்து மாமியார்கள் மருமகனிடம் நேரடியாகப் பேசுவதில்லை, மரியாதை. அவரும் மகளைப் பார்த்துத்தான் சொன்னார்: "மாப்பிள்ளைகிட்ட சொல்லுத்தா. சுமையாத் தெரிஞ்சா இறக்கி வச்சுட்டு வாடகை வீட்டுக்குப் போகட்டும். நீயும் பிள்ளையும் இங்கேயே இருங்க." நான் இரண்டடி தள்ளி ரசம் சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு எனக்கு அப்பளம் வரவில்லை.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். செல்போனைத் தடவிக்கொண்டே, "அப்பா, இவரோட கம்பெனி ஒண்ணு 2012ல திவால் மனு குடுத்திருக்கு" என்றாள். உண்மைதான். அவருடைய கருத்தரங்குகளை நடத்திக்கொடுத்த நிறுவனம் ஒன்று பங்கு கேட்டு வழக்குப் போட, 2 கோடி டாலருக்கு மேல் கொடு என்று தீர்ப்பாக, கியோசாகியின் அந்தக் கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி வேறு, அவர் வேறு. நானும் யோசித்துப் பார்த்தேன், என்னைத் தனி, என் கடனைத் தனி என்று பிரித்துவைக்க வழியுண்டா என்று. வில்லாபுரத்து மளிகைக்கடை அண்ணாச்சி அதை ஒப்புக்கொள்வதாகத் தெரியவில்லை.

அடுத்து டீ. டேவிட் பாக் என்று ஓர் அமெரிக்கர், தினமும் கடையில் குடிக்கிற காபிக் காசை முதலீடு செய்தால் கோடீஸ்வரன் ஆகலாம் என்கிறார். நான் அதை மதுரைக்கு மொழிபெயர்த்தேன். ஒரு டீ பதினைந்து ரூபாய், நாளைக்கு இரண்டு, மாதம் 900. பன்னிரண்டு சதவீத வளர்ச்சி கிடைத்தால் இருபது வருஷத்தில் ஏறக்குறைய 9 லட்சம்! அன்றே டீக்கடையைத் துறந்தேன். பதினோரு மணிக்கு அலுவலகமே டீக்கடைக்குப் போனபோது நான் மட்டும் நாற்காலியில் 9 லட்சத்தோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே வந்த அதிகாரி, ஆள் இருக்கிறதே என்று நான்கு கோப்புகளை என் மேசையில் வைத்தார். பண்டிகை முன்பணத்துக்கு மனு கொடுக்கக் கடைசி நாள் எது என்பது டீக்கடையில்தான் பேசப்பட்டதாம். எனக்குத் தீபாவளி முடிந்து தெரிந்தது. தலைவலியோடு வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் டீ, ராத்திரி இன்னொன்று. மாசக் கடைசியில் பால் கணக்கு 800 ரூபாய் ஏறியிருந்தது. ஆக நிகர சேமிப்பு நூறு ரூபாய். அதற்குத் தலைவலி மாத்திரை வாங்கியிருந்தேன்.

கடன் அடைப்பதிலும் இந்த ஆசிரியர்களுக்குள் பெரிய சண்டை உண்டு. அமெரிக்காவில் டேவ் ராம்சே என்பவர், சின்னக் கடனை முதலில் அடை, மனசுக்குத் தெம்பு வரும் என்கிறார். பொருளாதாரப் பேராசிரியர்களோ, அதிக வட்டிக் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டம் என்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சோய் என்றொரு பேராசிரியர், இந்த மாதிரிப் புத்தகங்கள் ஐம்பதை எடுத்துவைத்துப் படித்து 2022இல் ஓர் ஆய்வே எழுதினார். (ஐம்பது! நான் பதினேழுக்கே இந்தக் கதி.) புத்தகங்கள் சொல்வது பல இடங்களில் பொருளாதாரக் கோட்பாட்டோடு ஒத்துப்போகவில்லையாம். ஆனால் மனுஷன் பலவீனமானவன், சொன்னதைச் செய்ய மாட்டான் என்பதைப் புத்தகக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்களாம். என்னைப் பார்க்காமலே இதை எழுதியிருக்கிறார், மகராசன்.

சரி என்று என் கடன்களை ஒரு தாளில் எழுதினேன். மளிகை பாக்கி, கிரெடிட் கார்டு, கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன், மச்சினனிடம் வாங்கிய கைமாற்று. பேராசிரியர் கணக்குப்படி கார்டு முதலில், மச்சினன் கடைசியில்; அதற்குத்தான் வட்டியே இல்லையே. ராம்சே கணக்குப்படியும் மச்சினன் கடைசி. அதுதான் பெரிய தொகை. இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் இருவருக்கும் மதுரை மச்சினன் யார் என்று தெரியாது. வட்டி வாங்கமாட்டார். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு என்று எந்த விசேஷமானாலும், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க, "மச்சான், அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாக் குடுங்க" என்பார். எனக்குத் தெரிந்து இதைவிடக் கூடுதல் வட்டி இந்த மாவட்டத்தில் யாரும் வசூலிப்பதில்லை. நகையை மீட்காமல் அவரை முதலில் அடைத்தேன். நகை மனைவியுடையது என்பதைச் சொன்னேனா?

இத்தனைக்கும் நடுவில் ஒன்று உருப்படியாகச் செய்தேன். மகளை விட்டு செல்போனில் மியூச்சுவல் ஃபண்டு கணக்குத் திறந்து மாதம் 5,000 எஸ்.ஐ.பி. போட ஆரம்பித்தேன். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு சதவீதம் என்றால் ஆறு வருஷம். இந்த மந்திரத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். சந்தை விழும்போது விற்கக்கூடாது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'மிக முக்கியம்' என்றும் எழுதிவைத்தேன். 2020 மார்ச் 23ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்தது. மூன்று வருஷமாகப் போட்ட 1,80,000 ரூபாய் என் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அடிக்கோடு போட்ட அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே அத்தனையையும் விற்றேன். 1,35,000 வந்தது. அடுத்த ஜனவரியில் அதே சென்செக்ஸ் 50,000த்தைத் தொட்டபோது மகள் ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில்தான், "72 சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

என் மனைவி இதில் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. தூசி தட்டியிருக்கிறாள். அவளுக்கு ஒரு தபால் அலுவலக ஆர்.டி. உண்டு, அதற்கு ஏஜென்ட் அக்கா ஒருவர் உண்டு. மாசம் பிறந்ததும் ஸ்கூட்டியில் வந்து வாசலில் நிற்பார். "தங்கச்சி..." என்று ஒரு குரல். அவ்வளவுதான், பணம் போய்விடும். மழையா, பெருக்கா, அழகர் ஆற்றில் இறங்கும் நாளா, எதுவும் அவருக்குக் காரணமில்லை. கையில் இல்லை என்று ஒரு தரம் நான் சொல்லிப் பார்த்தேன். "பரவால்லண்ணே, இருக்கேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தும் போகவில்லை. வருமானத்தில் பத்தில் ஒன்றை முதலில் உனக்கென எடுத்துவை என்று ஜார்ஜ் கிளேசன் 1926லிருந்து பாபிலோன் கதையாகச் சொல்லிவருகிறார். அந்தக் கதைகளை அமெரிக்காவில் வங்கிகளே துண்டுப்பிரசுரமாக விநியோகித்தன. நல்ல கதைதான். ஆனால் அஞ்சாம் தேதி வாசலில் வந்து நிற்கக் கிளேசனுக்கு ஸ்கூட்டி இல்லை. தண்டல்காரர் வசூலிப்பதும், சீட்டு நடப்பதும், மொய் திரும்பி வருவதும் எல்லாம் யாரோ ஒருவர் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதால்தான். புத்தகம் கேட்காது. மூடி வைத்தால் மூடியபடி கிடக்கும்.

ஐந்து வருஷம் கழித்து ஆர்.டி. முதிர்ந்ததும் மனைவி தெற்காவணி மூல வீதிக்குப் போய்த் தங்கக் காசாக வாங்கிவந்துவிடுவாள். 2005இல் முதல் முறை வாங்கியபோது சவரன் ஆறாயிரத்துக்குள் இருந்தது. 2025 செப்டம்பரில் 80,000த்தைத் தாண்டியது. நடுவில் 2013இல் தங்கம் சறுக்கிச் சில வருஷம் படுத்தே கிடந்தது. அன்று நானாயிருந்தால் பத்திரிகை படித்துப் பதறி விற்றிருப்பேன். அவள் விலையைப் பார்க்கவே இல்லை, பார்க்காததால் விற்கவுமில்லை. அவளுக்கும் ஒரு சறுக்கல் உண்டு. தெருவில் சீட்டுப் பிடித்த அம்மாள் ஒருவர் இரவோடு இரவாக வீட்டைக் காலிசெய்ததில் 30,000 போயிற்று. பதிவுசெய்த சீட்டா என்று விசாரித்தாயா என நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை 1,35,000 ரூபாய்க்கு விற்றிருந்தேன். இதை நான் இங்கே எழுதியதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இனி அந்தப் பதினெட்டாவது புத்தகம். தூங்கும்போதும் பணம் வர வேண்டும் என்பது கியோசாகி கும்பலின் தாரக மந்திரம். எங்கள் மாடி போர்ஷன் காலியாக இருந்தது. ஒத்தக்கடைப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வீடு கேட்டு வந்தார். கையில் 'பணக்காரத் தந்தை'. நான் உருகிவிட்டேன். மனைவி உள்ளிருந்து எத்தனையோ தரம் கனைத்தும் கேட்காமல், மாதம் 6,000 வாடகை, அட்வான்ஸ் வெறும் 10,000 என்று பதினோரு மாத ஒப்பந்தம் எழுதினேன். சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து நானும் அவரும் பணப்புழக்கம் பற்றிப் பேசுவோம். ஆறாவது மாதம் வாடகை தாமதமாயிற்று. எட்டாவது மாதத்தோடு நின்றே விட்டது. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சார், நீங்களே இப்படிக் கேக்கலாமா? பணத்தைக் கையில வச்சிருக்கிறவன் ஏழை. சுத்தவிடுறவன்தான் பணக்காரன். உங்க வாடகை சுத்திக்கிட்டு இருக்கு சார்."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதோ என்று உள்ளே போய்ப் புரட்டிப் பார்த்தேன். மனைவி, "ஏஜென்ட் அக்காவ வேணா மாடிக்கு அனுப்பவா?" என்றாள். வேண்டாம், படித்த பிள்ளை என்றேன். பதினோராவது மாதம் முடிந்த அன்று தம்பி காலிசெய்தார். அட்வான்ஸ் போக 8,000 பாக்கி, கரண்ட் பில் தனி. சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மேலே போய்ப் பார்த்தேன். பரணில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மாதக் காலண்டர், ஒரு 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'.

அதையும் கொண்டுவந்து என் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தேன். பணம் இரட்டிப்பாக ஆறு வருஷம் ஆகும் என்றல்லவா சொன்னேன்? புத்தகம் பதினோரே மாதத்தில் ஆகிவிட்டது.