அடைப்புக்குறியும் அடியேனும்

6502 என்ற சிப்புக்கு மொத்தம் 56 கட்டளைகள் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு இடப்படுபவை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சிப் சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் செய்துவிடும், அதுதான் வித்தியாசம் என்று என் மனைவி சொல்வாள். சிப்பிடம் யாரும் “போற வழியில கொத்தமல்லியும் வாங்கிட்டு வா” என்று சொல்வதில்லை என்பது என் தரப்பு வாதம். இதுவரை எடுபட்டதில்லை.

1975இல் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனம் 25 டாலருக்கு விற்க ஆரம்பித்த சிப் அது. ஆப்பிள் 2, அட்டாரி 800, பிபிசி மைக்ரோ எல்லாவற்றுக்கும் அதுதான் மூளை. கமடோர் 64இல் இருந்த 6510 அதன் உடன்பிறப்பு. மூளை ஒன்று என்றால் ஒரு கம்ப்யூட்டருக்கு எழுதிய அசெம்ப்ளி நிரலை இன்னொன்றில் அப்படியே போட்டால் ஓடாதா என்று நல்ல மனதோடு கேட்கிறீர்கள். படம், ஒலி விவகாரங்களை விடுங்கள். அங்கே ஓடுவது இருக்கட்டும், எழுதி வைத்த கோப்பு முதலில் உள்ளேயே நுழையாது.

கட்டளைகளில் தகராறே இல்லை. எல்டிஏ என்ற கட்டளை எந்த ஊரிலும் எல்டிஏதான். தகராறெல்லாம் சுற்றியுள்ள சம்பிரதாயங்களில். நிரலை நினைவகத்தில் எந்த முகவரியில் வைப்பது என்று சொல்ல, கமடோர்க்காரர்கள் ‘*=’ என்று போட்டார்கள்; ஆப்பிள் 2இல் ஓடிய மெர்லின் அசெம்ப்ளர் (அசெம்ப்ளி நிரலைச் சிப்புக்குப் புரியும் எண்களாக்கும் மென்பொருள்) ‘ஓஆர்ஜி’ என்றது; பிபிசியில் ‘பி%’ என்ற மாறிக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஒரு பைட்டை வைக்க ஓரிடத்தில் ‘.பைட்’, ஓரிடத்தில் ‘டிஎஃப்பி’, ஓரிடத்தில் ‘ஈக்யூபி’. பெருமாள் ஒருவர்தான், நாமம் வடகலையா தென்கலையா என்பதில்தான் கோர்ட் வரைக்கும் போவார்கள்.

இதில் எனக்கென்ன வேலை என்றால், ஒரு பூர்வஜென்ம பந்தம் உண்டு. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் துணி உறை, அறைக்கு ஏசி. தலைமையாசிரியர் அறையிலேயே மின்விசிறிதான். அந்த மரியாதை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஓய்வு பெற்ற கையோடு மடிக்கணினியில் பிபிசி மைக்ரோவாக நடிக்கும் ஓர் எமுலேட்டரை நிறுவிக்கொண்டேன். அசல் இயந்திரத்தையே வாங்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன். பரணில் இடமில்லை என்று சொல்லவில்லை. பரணில் இருப்பவற்றின் பட்டியலை நிதானமாக வாசித்தாள்.

பிபிசியின் அசெம்ப்ளர் தனிச் சரக்கு அல்ல. ஸோஃபி வில்சன் எழுதிய பிபிசி பேசிக் மொழிக்குள்ளேயே அது குடியிருக்கிறது. ‘[’ என்று போட்டால் அசெம்ப்ளர் கண் விழிக்கும், ‘]’ போட்டால் பேசிக்குக்குத் திரும்பிவிடும். நிரலை இரண்டு சுற்று ஓட்டவேண்டும். அதற்கு நாமே ஒரு ஃபார் லூப் போட்டு, ஆப்ட் என்ற கட்டளைக்கு முதலில் 0, பிறகு 3 கொடுக்க வேண்டும். பின்னால் வரப்போகும் லேபிள்களின் முகவரி முதல் சுற்றில் தெரியாதல்லவா? அதனால் ஆப்ட் 0 என்றால், தெரியாத லேபிளைப் பார்த்தாலும் வாயைத் திறக்காதே என்று பொருள். ஆப்ட் 3 என்றால் பட்டியலும் போடு, குற்றமும் சொல். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு! முதல் சுற்றில் குற்றம் சொல்லாதிருக்கும் இந்த வழக்கம் குடும்பங்களுக்கும் வரவேண்டும் என்று காபி குடித்துக்கொண்டே சொன்னேன்.

“முதல் சுத்து முடிஞ்சு முப்பது வருஷம் ஆச்சுங்க” என்று பதில் வந்தது.

இந்த பிபிசி அசெம்ப்ளருக்கு ஏற்றபடி நான் மாற்ற எடுத்துக்கொண்ட கோப்பு சாமானியமானதல்ல. 1989இல் ஆப்பிள் 2வுக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ விளையாட்டின் மூல நிரல். எழுதியவர் ஜோர்டன் மெக்னர். நிரல் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தார். 2012இல் அவருடைய தந்தை ஒரு பெட்டியில் பழைய டிஸ்க்குகளைக் கண்டெடுத்து அனுப்பிவைக்க, விவரம் தெரிந்தவர்கள் கூடி அதைப் படித்தெடுத்து, அந்த ஏப்ரலிலேயே கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் இருந்திருந்தால் 1993 வாக்கிலேயே பழைய பேப்பர்காரரிடம் போய், அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வந்திருக்கும்.

நிரல் முழுவதும் மெர்லின் பாணி. முழுதும் பிபிசி மாடல் பி-யின் 32 கேபிக்குள் அடங்காது. எனவே ஒரே ஒரு சிறு கோப்பு, அதிலும் பாதி. ‘ஓஆர்ஜி’யை மாற்றினேன், ‘டிஎஃப்பி’யை மாற்றினேன், பதினாறடிமான எண்களுக்கு முன்னாலிருந்த ‘$’ எல்லாவற்றையும் ‘&’ ஆக்கினேன், லேபிள்களுக்கு முன்னால் புள்ளி வைத்தேன். வாசலில் கோலம் போடும் பொறுமை எனக்கு இருப்பதை அன்றைக்குத்தான் வீட்டில் கவனித்தார்கள். கவனித்ததன் பலனாக, மறுநாள் கீரை ஆய்கிற வேலை என் பக்கம் வந்தது.

மெர்லினில் ஓர் அருமையான வசதி உண்டு. ‘]’ என்று தொடங்கும் லேபிளை எத்தனை முறை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கடைசியாக எது வந்ததோ அதைத்தான் குறிக்கும். மெக்னர் ‘]ஆர்டிஎஸ்’ என்ற லேபிளைக் கோப்புக் கோப்பாகத் தூவியிருக்கிறார். இப்போது நினைத்துப் பாருங்கள். பிபிசியில் ‘]’ என்றால் அசெம்ப்ளருக்கு விடுமுறை. முதல் ‘]’ கண்ணில் பட்டதும் அது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டது. மிச்ச வரி, ஒன்றும் அறியாத பேசிக்கின் தலையில். ஆப்ட் 0 என்ற கவசமும் பயனில்லை. அந்த நாகரிகம் அசெம்ப்ளரோடு போய்விட்டது. பேசிக் திருதிருவென்று விழித்து, தனக்கே உரிய வாசகத்தைத் திரையில் எழுதியது. பிபிசி பேசிக்கில், புரியாத வரிக்கு வரும் பிழைச் செய்தி ஒரே சொல்: ‘மிஸ்டேக்’.

பால் டம்ளரோடு வந்தவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “யாரைச் சொல்லுது?”

“என்னைத்தான்.”

“பரவால்லயே, நல்லாத்தான் கண்டுபிடிக்குது. கேஸ் புக் பண்ணிட்டீங்களா?”

“ரெண்டு நிமிஷம்.”

ஆனால் இந்த இடத்தில் வில்சன் அம்மையார் கைகொடுத்தார். பிபிசியில் லேபிள் என்பது சாதாரண பேசிக் மாறி. அதே பெயரை மறுபடி வைத்தால் கோபித்துக்கொள்ளாது. புதிய முகவரியை வாங்கிக்கொள்ளும். ஆக ‘]’ இருந்த இடத்தில் புள்ளியை வைத்தால் போதும், மெர்லினில் நடந்தது இங்கேயும் நடக்கும். மாறி என்பதால் வேறொரு வம்பு உண்டு: பெரிய எழுத்தில் ‘ஃபார்வர்டு’ என்று லேபிள் வைத்தால் தலையிலிருக்கும் ‘ஃபார்’ பேசிக் கட்டளையாகப் பிய்ந்துகொண்டு ‘வர்டு’ அனாதையாக நிற்கும். சிறிய எழுத்தில் எழுதினால் பிழைத்தோம்.

குறிப்புகளாவது சும்மா கிடக்கும் என்று நம்பினேன். அரைப்புள்ளிக்குப் பின்னால் மனிதன் என்ன எழுதினாலும் அசெம்ப்ளர் படிக்காது என்பதுதானே உலக நியதி? பிபிசியில் அந்த நியதி முக்காற்புள்ளி வரைக்கும்தான். குறிப்பின் நடுவே ‘:’ வந்தால் குறிப்பு அங்கேயே முடிந்தது; அதற்கப்புறம் இருக்கும் ஆங்கில வசனத்தை அது கட்டளையாக நிறைவேற்றப் பார்க்கும்.

இதையெல்லாம் தாண்டினால் கணக்கு. மெர்லினை எழுதிய கிளென் பிரெடன் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். இடவியலில் அவர் எழுதிய பாடநூல்களை இன்றும் படிக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருடைய அசெம்ப்ளரில் 2+3*5 என்று போட்டால் 25 வரும். இடமிருந்து வலமாகச் செய்துகொண்டே போகும்; பெருக்கலுக்கென்று முன்னுரிமை கிடையாது. பிபிசியில் 17. எனவே ஒவ்வொரு கோவையையும் கையால் போட்டுப் பார்த்து அடைப்புக்குறி வைக்க வேண்டும். காகிதத்தில் அதைச் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து ஃபிளாட் ஆறாம் வகுப்புப் பையன் வந்து பார்த்தான். “அங்கிள், 25 தப்பு. போட்மாஸ் தெரியாதா?” என்றான். விளக்கம் சொன்னேன். அன்று மாலை அவன் அம்மா என் மனைவியிடம், பையனுக்கு நான் கணக்கு சொல்லித் தரவேண்டாம் என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொண்டாராம்.

எழுத்துகள் தனி ராமாயணம். மெர்லினில் ‘ஏஎஸ்சி’ என்று போட்டு இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் ஒவ்வோர் எழுத்தோடும் 128 சேர்ந்துகொள்ளும், ஆப்பிளின் திரைக்கு அப்படித்தான் வேண்டும். ஒற்றை மேற்கோள் என்றால் சேராது. 65 ஆக இருக்க வேண்டிய ‘ஏ’ 193 ஆகி நிற்பதற்குக் காரணம் ஒரு கொசுக்காலளவு கோடு. கண்ணாடியை மாற்றச் சொல்லி டாக்டர் போன வருஷமே சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரு வழியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு சுற்றும் பிழையில்லாமல் ஓடியது. வீட்டாரைக் கூட்டினேன்.

“இப்போ இது என்ன பண்ணும்?” என்றாள்.

“ஒண்ணும் பண்ணாது. மத்த கோப்பெல்லாம் சேர்ந்தாத்தான்.”

பெங்களூரிலிருந்து போனில் இருந்த மகன் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “அப்பா, இந்த கேமை 2018லயே பிபிசி மாஸ்டருக்கு முழுசாக் கொண்டுவந்துட்டாங்களேப்பா. பிசியில ஓடற அசெம்ப்ளர் வெச்சே பண்ணிட்டாங்க. லிங்க் அனுப்பறேன்.”

அனுப்பினான். எமுலேட்டரில் மாஸ்டரைத் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். இளவரசியை மீட்க 60 நிமிடம் கெடு. கத்தியைத் தேடி எடுக்காமலே காவலாளியிடம் போய் நின்று, கேட்டுக் கேட்டு வெட்டு வாங்கினேன். “நகருங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள் என் மனைவி. முதல் தளத்தில் கத்தியை எடுத்தாள், காவலாளியை முடித்தாள், கதவைத் திறந்தாள். இப்போது மூன்றாம் தளத்தில் இருக்கிறாள். சாயங்காலம் அடுப்பு அணைந்துவிட்டது. மாற்று சிலிண்டரும் காலி. கேஸ் புக் பண்ணியாச்சா என்று போய்க் கேட்டேன்.

“ரெண்டு நிமிஷம்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.