சலாமியா சிக்கல்: ‘விக்ரம்’ தொடர்கதையின் தகுதி குறித்து ஓர் ஆய்வு

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழாய்வு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, 1956 முதல் இயங்கிவரும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை. மற்றது, முதல் நாள் இரவுக் காட்சி விட்ட பிறகு ஏதாவதொரு மாமாக் கடை. இக்கட்டுரைக்கான தரவுகள் அனைத்தும் இரண்டாவது இடத்தில் திரட்டியவை. செலவு தே தாரிக்குக்கு மட்டும்; நிதி நல்கை எதுவும் பெறப்படவில்லை.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. 1986இல் ராஜசேகர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்து வெளிவந்த ‘விக்ரம்’, சுஜாதாவின் கதை. படம் தயாராகும்போதே, அதன் புகைப்படங்களோடு, அவர் அதைக் குமுதத்தில் தொடராகவும் எழுதினார். 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயரில் ஒரு படம் எடுத்து, அதைத் தம் ‘கைதி’யோடு (2019) முடிச்சுப் போட்டார். 2023இல் ‘லியோ’வின் முடிவில் விக்ரமின் குரல் தொலைபேசியில் வந்தது. இப்படிக் கிளைவிட்ட குடும்பத்தில் அந்தப் பழைய தொடர்கதைக்குப் பங்கு உண்டா?

உண்டு என்பது பிரிக்பீல்ட்ஸ் மரபு. துன் சம்பந்தன் சாலையில் இதை மறுத்துப் பேசுபவர் தம் ரொட்டி சானாய்க்குத் தாமே காசு கொடுக்க நேரும். இவர்களுடைய முதற்சான்று வயது. 1986இல் கமலுக்கு 31, 2022இல் 67. ஆளும் பாத்திரமும் சேர்ந்தே மூத்திருக்கிறார்கள். ஜேம்ஸ் பாண்டுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு ‘மாட்டு’ என்று கோத்துப் பொருள் சொன்ன நச்சினார்க்கினியருக்கு உச்சிமேற்கொள்ளும் சீடர்கள் இருக்கிறார்கள் என்றால் அது இங்கேதான்.

கிள்ளான் மரபு கறாரானது. அதன் ஒரே கேள்வி சலாமியா. முதல் விக்ரம், கடத்தப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணையைத் தேடி அந்தக் கற்பனை ராஜ்ஜியத்துக்கே போகிறார்; அங்கே அம்ஜத் கான் அரசர், டிம்பிள் கபாடியா இளவரசி, பாஷை புரியவைக்க ஜனகராஜ். இரண்டாம் விக்ரம் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் பதிவான உரையாடல்:

“ஒரு நாட்டுக்கே போய் வந்த ஆளு, பேரப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா, அண்ணே?”

“அந்தப் பிள்ளை கைக்குழந்தை லா. சத்தம் கேட்டாலே அதுக்கு ஆகாது.”

என் கருத்தில் இரு தரப்பாரும் சட்டத்தை மறந்துவிட்டார்கள். அதிகாரத்துவ ரகசியச் சட்டம், 1972 உள்ள நாட்டில் வாழ்பவர்களுக்கு, ஓய்வுபெற்ற உளவாளி ஏவுகணையைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று விளக்கவா வேண்டும்?

இனி மூலபாடம். தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு போட்டு வைப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். கடல் கடந்து வந்த இதழில் ஒன்று தவறினால் ஓர் அத்தியாயம் போயிற்று. ஆகவே வீட்டுக்கு வீடு பாடபேதம். ஒரு வீட்டில் கதாநாயகன் கட்டுண்டு கிடப்பான். அடுத்த பக்கத்தில் விமானத்தில் காபி குடிப்பான். தப்பித்த விதம் தெரிந்த அத்தை பத்தாங் பெர்ஜுந்தையில் இருப்பார். தாளின் மறுபக்கத்தில் பாதியில் அறுந்த துணுக்கும் தைல விளம்பரமும் வேறு. இவை இடைச்செருகலா, மூலத்தின் பகுதியா? தைலத்தைச் சேர்க்கக் கூடாது என்பதில் மட்டும் இரு மரபும் ஒத்துப்போகின்றன.

அயலார் இதை எப்படித் தீர்த்தார்கள்? 1978இல் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் இடையே லேசான காதல் வாடை அடிக்கும். 1983 படம் அவர்களை உடன்பிறந்தவர்கள் ஆக்கிவிட்டது. குடும்பத்தில் இப்படியொரு சங்கடம் வந்தால் நாம் ஜோசியரைப் பார்ப்போம்; லூகாஸ்ஃபிலிம் 2014 ஏப்ரலில் அதுவரை வந்த நாவல்களையெல்லாம் மொத்தமாக ‘லெஜண்ட்ஸ்’ என்று தள்ளிவைத்தது. ‘ஸ்டார் டிரெக்’ நாவலாசிரியர்கள் மானஸ்தர்கள். புதிய தொடர்கள் தங்கள் கதையை மிதித்துக்கொண்டு போனதும், 2021இல் ‘கோடா’ என்று மூன்று நாவல் எழுதித் தங்கள் உலகத்துக்குத் தாங்களே கருமாதி செய்தார்கள். நம் தொடர்கதைக்கு அந்த மரியாதை கூட நடக்கவில்லை. சுஜாதா 2008இல் காலமாகிவிட்டார். 2022 படம் வெளியாகும் முன் லோகேஷ் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது, ‘கைதி’யை இன்னொரு முறை பார்த்துவிட்டு வரச்சொல்லித்தான். குமுதம் பைண்டைத் தேடி எடுக்கச் சொல்லவில்லை. கிள்ளான் மரபு இதைத் தீர்ப்பாகவே கொள்கிறது, நானும் வேறு வழியின்றிக் கொள்கிறேன்.

ஆயினும் ஒரு சான்று இடிக்கிறது. ‘விக்ரம்’ வெளியான மூன்றாம் ஆண்டு, 1989 மே 22 அன்று, இந்தியா ஓர் ஏவுகணையை முதன்முதலாக ஏவிச் சோதித்தது. பெயர் அக்னி. சுஜாதாவோ பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். திரைத்துறை கைவிட்ட தொடர்ச்சியைப் பாதுகாப்புத் துறை காப்பாற்றியது என்று பிரிக்பீல்ட்ஸ் தரப்பு இப்போது வாதிடத் தொடங்கியிருக்கிறது. கிள்ளான் தரப்பு பதில் தயாரிக்க அடுத்த படம் வரை அவகாசம் கேட்டிருக்கிறது.