மணிக்கூண்டும் சிவப்பு எழுத்தும்

மொஜம்ஜாஹி மார்க்கெட் 1935-இல் எழுந்தது. கடைசி நிஜாம் உஸ்மான் அலி கானின் இரண்டாவது மகன் பெயர் அதற்கு. ஹைதராபாத் நகரச் சீரமைப்பு வாரியத்தின் அப்போதைய தலைவரும் அந்த மகனே. நான் பள்ளியில் படித்த காலத்தில் அங்கே பழ வியாபாரம் நடந்தது. வைக்கோலில் அடுக்கிய மாம்பழமும் சீதாப்பழமும் கருங்கல் வளைவுகளுக்கு அடியில் மணக்கும். செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகும் அப்பா மணிக்கூண்டைக் காட்டி, "இதெல்லாம் ராஜா நினைச்சதால வந்ததுடா" என்பார். அவர் குரலில் இருந்த பெருமை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று நகரின் மூசி ஆறு பெருகி ஆயிரக்கணக்கானவர்களை அடித்துப் போனது. வெள்ளத்தைத் தடுக்கப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா வந்து யோசனை சொன்னார். உஸ்மான் சாகர் நீர்த்தேக்கம் 1920-இலும் ஹிமாயத் சாகர் 1927-இலும் வந்தன. 1912-இல் அமைந்த வாரியம் நெரிசலான குடியிருப்புகளை இடித்தது, வீடுகள் கட்டியது, பத்தர்கட்டியின் கல் வளைவுக் கடை வரிசையை எழுப்பியது. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் யார் வீடு இடியும் என்று முடிவு செய்ததில் அந்த வீட்டுக்காரருக்குப் பேச்சே இல்லை.

மார்க்கெட் எழுந்த அதே ஆண்டுகளில் இத்தாலியில் முசோலினி ரோமுக்குத் தெற்கே சதுப்பு நிலத்தை வடித்து லித்தோரியா (1932), சபௌதியா (1934) என ஊர்களை எழுப்பிக்கொண்டிருந்தார். அங்கும் கோபுரம், நேர்த்தியான சதுக்கம், கூடவே கட்சி மாளிகை. வடக்கிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து நிலம் கொடுத்தார்கள். மலேரியா குறைந்தது உண்மை. ஆட்சியை எதிர்த்தவர்கள் சிறைக்குப் போனதும் உண்மை. போருக்குப் பின் லித்தோரியா லத்தீனா ஆனது. நிஜாமை முசோலினியோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் இரண்டு இடத்திலும் ஊரின் வரைபடம் மேலிருந்துதான் இறங்கியது.

இன்று நமக்கு ஓட்டு இருக்கிறது. அதனால்தான் 2024-இல் சாதர்காட் பக்கம் மூசிக் கரையில் பார்த்தது இன்னும் உறுத்துகிறது. வீட்டுச் சுவர்களில் சிவப்பு பெயின்ட்டில் 'ஆர்பி-எக்ஸ்'. மூசி சீரமைப்புத் திட்டத்துக்காக இடிக்க வேண்டிய, ஆற்றுப்படுகையில் இருக்கும் வீடு என்று அர்த்தம். பீரோவும் ஃபிரிட்ஜும் ஆட்டோ டிராலியில் ஏறிக்கொண்டிருந்தன. மலக்பேட்டையிலும் வேறு இடங்களிலும் இரண்டு படுக்கையறை வீடு கொடுத்தார்கள். அதை ஏற்றுச் சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு. "கரண்ட் பில் கட்டறோம், வீட்டு வரி கட்டறோம். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய்" என்று ஓர் அம்மா தக்னி உருதுவில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மூசி நாறுகிறது, சுத்தம் செய்தே ஆக வேண்டும். கரையோரத்தில் வெள்ள பயமும் தீரவில்லை. திட்டம் வரட்டும். அதன் வரைபடம் மட்டும் உருதுவிலும் தெலுங்கிலும் அந்தச் சந்துகளுக்கு முதலில் போகட்டும், பெயின்ட் டப்பா பிறகு போகட்டும்.