ஒரு முட்டையும் சில மந்திரிகளும்

இங்கிலாந்துக்காரர்கள் ராஜாவின் தலையை வெட்டியிருக்கிறார்கள். போப்பாண்டவரோடு டூ விட்டுவிட்டுச் சொந்தமாகச் சபை நடத்தியிருக்கிறார்கள். அடுத்தவன் ஊர்க் கோஹினூரைத் தங்கள் ராணி கிரீடத்தில் பதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் நாட்டிலுள்ள பப்புகள் அத்தனையையும் ஒரே ராத்திரியில் இழுத்துப் பூட்டும் துணிச்சல் மட்டும் அவர்களுக்கு வந்ததே இல்லை. 1940-ல் ஹிட்லரின் விமானங்கள் லண்டன்மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதுகூட பப் திறந்திருந்தது. அந்தப் பெரும்பழி அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தலையில் எழுதியிருந்தது.

அவரும் லேசில் செய்துவிடவில்லை. 2020 மார்ச் 16, திங்கட்கிழமை, கொரோனா பரவுகிறது, பப்புக்குப் போவதைத் தவிருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். பப்பை மூடு என்று சொல்லவில்லை. கடை திறந்திருக்கும், விளக்கு எரியும், நீங்கள்தான் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விட வேண்டும். மறுநாளே அவரைப் பெற்ற ஸ்டான்லி ஜான்சன் டிவியில் உட்கார்ந்து, 'போகவேண்டி வந்தால் போவேன்' என்று சொல்லிவிட்டார். வீட்டிலேயே எடுபடாத பேச்சு நாட்டில் எப்படி எடுபடும்? வெள்ளிக்கிழமை, 20-ஆம் தேதி, இன்று ராத்திரியோடு மூடு என்று உத்தரவு போட்டார். சுதந்திரமாகப் பிறந்த மக்களின் தொன்மையான, பறிக்கமுடியாத உரிமையைப் பறிக்கிறோம் என்று அப்போது பேசினார். ஓட்டுரிமையைப் பற்றிக்கூட எந்தப் பிரதமரும் இவ்வளவு உருகியிருப்பாரா என்பது சந்தேகம். உத்தரவு வந்தது சாயங்காலம், கடை மூடுவது ராத்திரி. இடையில் கிடைத்த சில மணி நேரத்தில், கிருமிக்குப் பயந்த குடிமக்கள் நேராகப் போனது பப்புக்கு. கடைசியாக ஒரு பைண்ட் பீர்!

டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இந்த உருக்கம் விளங்காது. பப்பில் குடிப்பது இரண்டாம் பட்சம். கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மழையைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் முன்பின் தெரியாதவனிடம் பேசலாம். தெருவில் அதே ஆள் பக்கத்தில் நடந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஜாதி அது. வெயிட்டர் கிடையாது, அவரவர் எழுந்துபோய் வாங்கிவர வேண்டும். நாலு பேராகப் போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அது ஒரு ரவுண்டு. அடுத்த ரவுண்டு அடுத்தவர். தன் முறை வரும்போது பாத்ரூம் போகிறவனை ஊரே தலைமுறைக்கும் ஞாபகம் வைத்திருக்கும். கவுண்ட்டரில் வரிசை கிடையாது, ஆனால் வரிசை உண்டு. யார் முதலில் வந்தார்கள் என்பது நிற்கிற எல்லோருக்கும் தெரியும், ஊற்றுகிறவருக்கும் தெரியும். கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியலாளர் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசையைப் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறார். பணத்தை ஆட்டக்கூடாது, குரல் கொடுக்கக்கூடாது, புருவத்தை லேசாக உயர்த்தினால் போதும். ஆக, நெருங்கி நிற்பது, தெரியாதவரோடு பேசுவது, கை மாற்றிக் கை கிளாஸ் கொடுப்பது ஆகிய மூன்றும்தான் பப். கொரோனாவுக்குப் பிடித்த மூன்றும் அவையே.

சர்க்கார் பப்போடு மல்லுக்கட்டுவது புதிதும் இல்லை. 1665-ல் லண்டனைப் பிளேக் வாரிக்கொண்டு போனபோது, மேயரின் உத்தரவில் குடிகாரர்களுக்கென்று தனியாக ஒரு பத்தியே இருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்குமேல் மதுக்கடையிலோ காபிக்கடையிலோ யாரும் உட்காரக்கூடாது என்றது. பிளேக்கைப் பரப்பியது எலியும் தெள்ளுப்பூச்சியும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அவை ஒன்பது மணிச் சட்டத்தை மதித்ததாகத் தகவல் இல்லை. முதல் உலகப்போரில் மந்திரி லாயிட் ஜார்ஜ், ஜெர்மனியைவிடக் குடிதான் பெரிய எதிரி என்று முடிவுகட்டினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1915-ல் முன்மாதிரியாகக் குடியை விட்டார். குடிமக்கள் அவருடைய தியாகத்தை மனதார மெச்சிவிட்டு அடுத்த கிளாஸை எடுத்தார்கள். அதே வருஷம் லண்டனில் இன்னொரு சட்டம் வந்தது: ஒருவர் இன்னொருவருக்குக் குடி வாங்கித் தரக்கூடாது. ரவுண்டு ஒழிந்தால் போர் ஜெயித்துவிடும் என்பது கணக்கு. அந்தச் சட்டம் ஊர் ஊராகப் பரவி, சவுத்தாம்ப்டனில் ஒருவர் கட்டிய மனைவிக்கு ஒரு கிளாஸ் ஒயின் வாங்கிக் கொடுத்ததற்காகக் கோர்ட்டுப் படியேறினார். காசு அவள் கொடுத்ததுதான் என்று வாதாடிப் பார்த்தார். அவருக்கும் அபராதம், குடித்த மனைவிக்கும் அபராதம், ஊற்றிக்கொடுத்த பெண்ணுக்கு அதைவிடப் பெரிய அபராதம். பீரங்கித் தொழிற்சாலை ஆட்கள் மத்தியானம் குடிக்கக்கூடாதென்று அப்போது போட்ட பகல் பூட்டை இங்கிலாந்தில் 1988-ல்தான் கழற்றினார்கள். போர் 1918-லேயே முடிந்துவிட்ட செய்தி இலாகாவுக்கு வந்துசேர எழுபது வருஷம் பிடித்திருக்கிறது.

இந்தப் பரம்பரை ஞானத்தோடுதான் 2020-ன் மந்திரிகள் களமிறங்கினார்கள்.

மூடியிருந்த மாதங்களில் பீப்பாய்களில் கெட்டுப்போன பீரைக் கோடிக்கணக்கான பைண்ட் கணக்கில் கொட்டினார்கள். லங்காஷயரில் ஜே ஃப்ளின் என்ற முன்னாள் பப் நடத்துநர், நண்பர்களுக்காக ஃபேஸ்புக்கில் ஒரு வினாடிவினா வைக்க நினைத்து, தெரியாமல் உலகத்துக்கே திறந்துவிட்டார். லட்சக்கணக்கில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதற்காக அவருக்கு அரசாங்கப் பட்டமும் கிடைத்தது. மற்றவர்கள் ஜூமில் ஆளுக்கொரு கிளாஸோடு உட்கார்ந்து, 'உன் மைக் ஆஃப்ல இருக்கு' என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள். ரவுண்டு வாங்கவேண்டாம் என்பது ஒன்றுதான் அதில் லாபம். கஞ்சர்களுக்குப் பொற்காலம்.

ஜூலை 4-ஆம் தேதி இங்கிலாந்தில் கதவு திறந்தது. அதற்கு முந்தின நாளே நார்ஃபோக்கில் ஒரு கிராமத்துப் பப்பில் இளவரசர் வில்லியம் சைடர் குடித்து வெள்ளோட்டம் பார்த்துவிட்டார். விடிந்தால் குடிக்கலாம், காலை ஆறு மணிக்கே திறக்க அனுமதி. ஆனால் உள்ளே போனவர்கள் பார்த்தது பப்பே இல்லை. கவுண்ட்டருக்குப் போகக்கூடாது, நிற்கக்கூடாது, மேஜையில் உட்கார்ந்தே ஆர்டர் போட வேண்டும். வாசலில் பெயரும் நம்பரும் எழுத வேண்டும். நாடெங்கும் மிக்கி மவுஸ் நடமாட்டம் திடீரென்று அதிகரித்தது. கார்ன்வாலில் செயிண்ட் ஜஸ்ட் என்ற ஊரில் ஒரு பப் முதலாளி, ஜனங்கள் பழக்கதோஷத்தில் கவுண்ட்டரில் வந்து சாய்வதைப் பார்த்து, மாட்டுக்குப் போடுகிற மின்வேலியைக் குறுக்கே கட்டிவிட்டார். ஆயிரம் போஸ்டர் சாதிக்காததை ஒரு கம்பி சாதித்தது. ஸ்காட்லாந்தில் பாட்டு போட்டால் சத்தமாகப் பேசுவார்கள், சத்தமாகப் பேசினால் எச்சில் தெறிக்கும் என்று ஆகஸ்ட்டில் பாட்டையே தடைசெய்தார்கள். டிவியிலும் சத்தம் கூடாது. ஸ்காட்டிஷ் பப்பில் கால்பந்து மேட்சை ஊமைப்படமாகப் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். சர்க்காரின் உத்தேசமும் அதுவே போலும்.

இதற்குள் அயர்லாந்து தனிப்பாதை கண்டுபிடித்திருந்தது. மார்ச்சில், செயிண்ட் பேட்ரிக் திருநாளுக்கு இரண்டு நாள் முன்பே பப்பை மூடவைத்தவர்கள், ஜூன் 29-ல் திறந்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஒவ்வொருவரும் குறைந்தது 9 யூரோவுக்கு உருப்படியாகச் சாப்பிட வேண்டும். அந்த 9 யூரோ பழைய மதுச் சட்டம் ஒன்றிலிருந்து தூசி தட்டி எடுத்தது. எட்டு யூரோ சூப்புக்குக் கிருமி வரும், ஒன்பது யூரோ பொரித்த கோழிக்கு வராது. மேஜைகளுக்கிடையே ஒரு மீட்டர்தான் இடைவெளி என்றால் 105 நிமிஷத்தில் எழுந்துவிட வேண்டும். உச்சமாக, யார் என்ன சாப்பிட்டார் என்பதை 28 நாள் எழுதிவைக்க வேண்டும் என்று செப்டம்பரில் ஒரு விதி வந்தது. சித்ரகுப்தனே பாவத்தைத்தான் குறித்துக்கொள்வான், உருளைக்கிழங்கைக் குறித்துக்கொள்ளமாட்டான். சாப்பாடு போடாத, குடி மட்டும் ஊற்றுகிற கிராமத்துப் பப்புகள் பாவம், செப்டம்பர் 21 வரை காத்திருந்தன. டப்ளினில் அந்தச் சலுகையும் இல்லை.

அயர்லாந்து சாப்பிடச் சொன்னால் இங்கிலாந்து சும்மா இருக்குமா? அக்டோபரில் அங்கும் வட்டாரம் வட்டாரமாகக் கட்டுப்பாடு வந்து, கெடுபிடியான இடங்களில் 'கணிசமான உணவு' இல்லாமல் குடி இல்லை என்றானது. எது கணிசம்? அங்கேதான் ஒரு வல்லரசின் மந்திரிசபை வழுக்கி விழுந்தது. ராபர்ட் ஜென்ரிக் என்ற மந்திரி, கார்னிஷ் பேஸ்டி என்ற கறி பஃப் தனியாக இருந்தால் சாப்பாடு ஆகாது, பக்கத்தில் கொஞ்சம் கீரை சாலடோ சிப்ஸோ வைத்து மேஜைக்குக் கொண்டுவந்தால் ஆகும் என்று தீர்ப்புச் சொன்னார். நவம்பர் 30-ல் இன்னொரு மந்திரி ஜார்ஜ் யூஸ்டிஸ், ஸ்காட்ச் எக் சாப்பாடாக இருக்கக்கூடும் என்றார். வெந்த முட்டையைப் பன்றிக் கைமாவில் உருட்டி, ரொட்டித்தூள் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது அது; கையில் அடங்கும், மூன்று கடியில் தீரும். மறுநாள் மூன்றாவதாக மந்திரி மைக்கேல் கோவ், என்னைப் பொறுத்தவரை இரண்டு ஸ்காட்ச் எக் வெறும் தொடக்கப் பலகாரம்தான் என்றார். அன்றைக்கே சற்று நேரத்தில் இன்னொரு சேனலில், ஸ்காட்ச் எக் கணிசமான உணவுதான் என்றார். பொழுது சாய்வதற்குள் ஒரு முட்டை பலகாரத்திலிருந்து சாப்பாடாகப் பதவி உயர்வு பெற்றது, இங்கிலாந்து நிர்வாகத்தில் அந்த ஆண்டு நடந்த அதிவேக முன்னேற்றம். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிட வேண்டும் என்றும் பிரதமர் அலுவலகம் சொல்லிவைத்திருந்தது. கடைசி சிப்ஸைத் தட்டோரத்தில் மிச்சம் வைத்துக்கொண்டு இன்னொரு பைண்ட் சொல்லும் கலையில் ஒரு தேசமே தேர்ச்சி பெற்றது. வேல்ஸில் அந்த வம்பே இல்லை: டிசம்பரில் பப்பைத் திறந்து வைத்துக்கொண்டே குடியைத் தடைசெய்துவிட்டார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. காபி குடிக்கலாம்.

பத்து மணி ஊரடங்கை விட்டுவிட்டேனே. செப்டம்பர் 24 முதல் இங்கிலாந்தில் பத்து மணிக்குப் பப் மூட வேண்டும். 1665-ஐவிட ஒரு மணி நேரம் கூடுதல். 355 வருஷ முன்னேற்றம். முன்பெல்லாம் ஒன்பதரைக்கு ரெண்டு பேர், பதினொன்றுக்கு நாலு பேர் என்று கலைந்துகொண்டிருந்த கூட்டத்தை, மணியடித்து ஒரே நிமிஷத்தில் ஒரே தெருவில் ஒன்றாக இறக்கிவிட்டார்கள். நேரே பஸ்ஸுக்கும் மளிகைக்கடைக்கும் மொத்தமாகப் போனார்கள். பாராளுமன்ற வளாகத்துக்குள் உள்ள பார்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு செய்தி கசிந்தது. அது பணியிட உணவகமாம். ஊர் சிரித்தபிறகு அங்கேயும் பத்துக்குமேல் ஊற்றுவதை நிறுத்தினார்கள்.

ஆனால் இவ்வளவு கெடுபிடியிலும் லண்டனில் ஒரு பப் ஓஹோவென்று நடந்தது. விலாசம்: 10, டவுனிங் தெரு. 2020 மே 20-ல், வெளியில் இன்னொரு வீட்டு ஆள் ஒருவரை மட்டும் சந்திக்கலாம் என்று ஜனங்களுக்குச் சட்டம் இருந்தபோது, அங்கே நூறு பேருக்கு மேல் மெயில் போனது: தோட்டத்தில் கூடுவோம், உங்கள் சரக்கை நீங்களே கொண்டுவாருங்கள். இளவரசர் ஃபிலிப்பின் இறுதிச்சடங்குக்கு முந்தின ராத்திரி, ஒரு சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய் ஒயின் பாட்டில் அடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பத்திரிகைகள் பின்னால் எழுதின. நின்று பேசுவது, நெருங்கி நிற்பது, நேரம் பார்க்காமல் ஊற்றுவது என்று பப்பின் பழைய லட்சணம் முழுதும் பத்திரமாகப் பாதுகாக்கப்பட்ட ஒரே இடம், அதைத் தடைசெய்தவர்களின் ஆபீஸ். ஸ்காட்ச் எக் வைத்தார்களா என்று பின்னால் வந்த விசாரணை அறிக்கையில் தேடினேன், காணோம். போலீஸ் மொத்தம் 126 அபராதம் விதித்தது. பிரதமரும், அப்போதைய நிதிமந்திரி ரிஷி சுனக்கும் அதில் உண்டு. பதவியிலிருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காகத் தண்டம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் என்ற பெயரை ஜான்சன் சரித்திரத்தில் பொறித்துக்கொண்டார்.

அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மருக்கோ நிஜ பப்பிலேயே இடமில்லை. இடையில் மறுபடியும் பூட்டிக் கிடந்த பப்புகளில், 2021 ஏப்ரல் 12-ல் வெளியில் உட்கார்ந்து குடிக்க மட்டும் அனுமதி வந்தது. அன்று காலை லண்டனில் பனி பெய்தது. கோட்டும் தொப்பியுமாகத் தோட்டத்தில் உட்கார்ந்து, பனி விழுந்த பீரைக் குடித்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பாத் நகரத்துக்குப் போன ஸ்டார்மரைப் பார்த்து ஒரு பப் முதலாளி, ஊரடங்கை நீ ஏன் எதிர்க்கவில்லை என்று கத்தி, என் பப்பை விட்டு வெளியே போ என்று கேமராக்களுக்கு முன்னால் விரட்டினார். விரட்டப்பட்ட ஸ்டார்மர் பின்னாளில் பிரதமரானார்.

பூட்டி வைத்ததற்கு வட்டியும் முதலுமாக ஒரு சம்பவம் நடந்தது. 2021 நவம்பரில், யார்க்‌ஷயரில், பிரிட்டனிலேயே உயரமான இடத்திலிருக்கும் டான் ஹில் இன் என்ற பப்பில், ஓயாசிஸ் என்ற ராக் குழுவின் பாடல்களைப் பாடும் நோயாசிஸ் என்ற குழுவின் கச்சேரி கேட்க வந்தவர்கள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். சுமார் அறுபது பேர், மூன்று ராத்திரி, வெளியே போக வழியில்லை. எத்தனை நாள் தவமிருந்தாலும் கிடைக்காத வரம்! பாட்டுக்காரர்கள் வேறு உள்ளேயே இருந்தார்கள்.

அதற்கு முன்பே, 2021 ஜூலை 19-ல், கவுண்ட்டர் திரும்பக் கிடைத்திருந்தது. திரும்பாமலே போன பப்புகளும் நிறைய. கிருமி விட்டதை மின்சாரக் கட்டணம் முடித்துவைத்தது. உயிர் தப்பியவற்றில் ஒரு விநோதம். பதினெட்டு வயது நிறைந்த சமயத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு, கவுண்ட்டரில் சாயவோ புருவம் உயர்த்தவோ யாரும் சொல்லித்தரவில்லை. அவர்கள் பப்புக்குள் நுழைந்து, மளிகைக்கடையில் நிற்பதுபோல் ஒருவர் பின்னால் ஒருவராக நீளமாக நின்றார்கள். கவுண்ட்டர் முழுக்கக் காலியாகக் கிடக்க, வரிசை வாசலைத் தாண்டியது. பெரிசுகளுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இணையத்தில் படம் பிடித்துப் போட்டுத் திட்டினார்கள், இந்த அநியாயத்தை ஒழிக்கவேண்டும் என்று இயக்கமே நடத்தினார்கள். சில பப்புகள் 'இங்கே வரிசையில் நிற்காதீர்கள்' என்று போர்டு மாட்டின. உலகத்துக்கே வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்ததாகப் பீற்றிக்கொள்ளும் ஊரில்.