முன்கூட்டியே தெரிந்த மழை

மாகறல் கோயிலின் தலபுராணத்தில் ஒரு பலாமரம் வரும். ராஜேந்திர சோழன் காலத்து மரம் என்பார்கள். வருஷம் முழுக்க நாளுக்கு ஒரு பழம் கொடுத்ததாம். அந்தப் பழம் தினமும் சிதம்பரம் நடராஜருக்குப் போனதாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பருவம் பார்க்காமல் பலன் கொடுத்தது அந்த ஒரு மரம்தான். மற்றதெல்லாம் மழைக்கும் வெயிலுக்கும் கட்டுப்பட்டவை. நெல்லுக்கே சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். எந்தப் பட்டத்தில் எவ்வளவு நடுவது என்பதை ஏரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது தை, மாசியில் விடியற்காலைப் பனி உண்டு. ஜனவரியில் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும்; அதற்கே ஆயா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசல் தெளிக்க வருவாள். பங்குனியில் வெயில் ஏறும். சித்திரைக் கடைசியில் கத்திரி தொடங்கினால் வைகாசிப் பாதிவரை பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. 38 டிகிரி சாதாரணம். 40ஐத் தாண்டும் நாட்களும் வரும். செய்யாறு வெறும் மணலாகக் கிடக்கும். ஆனால் அந்த மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று கசியும். ஆற்றில் கால் வெட்டி அந்த நீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுவருவார்கள். ஊற்றுக்கால் என்று பெயர். ஆறு காய்ந்த மாதத்திலும் நாற்றங்கால் பச்சையாக இருந்தது இதனால்தான்.

தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக வரும் என்று பள்ளியில் படித்தோம். காஞ்சிபுரம் பக்கத்துக்கு அது பாதிதான் உண்மை. ஆனி, ஆடியில் பகல் முழுக்க மேல்காற்று தரையைக் காயவைக்கும். கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் கடல். பிற்பகலில் அங்கிருந்து ஈரக்காற்று உள்ளே நுழையும். சூடேறிய தரையின்மேல் இரண்டும் சந்திக்கும்போது மேகம் எழும்பி, சாயங்காலத்திலோ முன்னிரவிலோ இடியோடு கொட்டும். வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் இப்படித்தான் கிடைக்கிறது. ஆயாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. “மேக்கால மின்னுதுடா, ராத்திரிக்குள்ள வந்துடும். மொளகாய அள்ளி உள்ள வையி” என்பாள். பெரும்பாலும் வந்தது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் ஊர்ப் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: கலங்கல் போகுமா? ஏரி நிரம்பியபின் உபரி நீர் வழிவதற்கான கல்கட்டுதான் கலங்கல். ஏரித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி ராத்திரியில் அரிக்கேன் விளக்கோடு கரையைச் சுற்றிவருவார். மதகில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று காலையில் டீக்கடையில் சொல்வார். அந்தச் செய்தியை வைத்துத்தான் சம்பாவுக்கு அடுத்து நவரை உண்டா, எத்தனை காணிக்கு உண்டு என்ற பேச்சு தொடங்கும். கலங்கல் போகும் நாளில் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான். விழும் நீரை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் ஏறிவரும். இரண்டு பேர் வேட்டியை விரித்துப் பிடித்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும். வழிந்த நீர் வாய்க்கால் பிடித்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஏரி மாவட்டம் என்று பேர்பெற்ற பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தன.

மழை எப்போது வரும் என்பது மட்டும் அப்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று வானொலி சொல்லும். அந்த ஓரிரு இடங்களில் மாகறல் உண்டா என்பது மழை வந்தபிறகுதான் தெரியும். ஆனால் வந்த மழை எந்தக் கால்வாயில் இறங்கி எந்த மதகுக்குப் போகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்று கதை வேறு. சென்னையில் டாப்ளர் ரேடார் 2002இல் வந்தது. இப்போது அதன் படம் எல்லார் கையிலும் இருக்கிறது. போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் மகன் செல்போனைக் காட்டினான். “சித்தப்பா, ஆரணி பக்கம் செவப்பா இருக்கு பாருங்க. ஒம்போது மணிக்கு நமக்கு வந்துடும்.” ஒன்பதுக்கு முன்பே வந்தது. ஆயா உயிரோடு இருந்திருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். புயல் கரையைக் கடக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றும் அறிவு இது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் அன்று ராத்திரி பெய்த மழையில் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. சிறுபாலத்தின் வாயைப் பிளாஸ்டிக் அடைத்திருந்தது. தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு நின்றது. காலையில் வடிந்து ஆற்றுப்பக்கம் போய்விட்டது.

மழையின் சராசரியை மட்டும் பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. 2015 அக்டோபர் முதல் டிசம்பர்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் வழக்கத்தைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் கொட்டியது. அடுத்த வருஷம் அதே மாதங்களில் தமிழகம் முழுவதற்கும் 62 சதவீதம் பற்றாக்குறை. முதல் வருஷம் வெள்ளம், இரண்டாம் வருஷம் வறட்சி. இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண்ணை நம்பி ஒரு காணி நடமுடியாது. கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்பது பழமொழி. 2023இல் மார்கழி பிறந்த கையோடு காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்த மழை ஒரேயடியாக வருகிற காலத்தில் ஏரி முன்பைவிட அதிகம் தேவை. இந்தக் காலத்தில்தான் ஏரியை மறந்தோம்.

மறந்ததற்குக் காரணம் உண்டு. ஆழ்துளைக் கிணறு வந்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. தண்ணீர் அவரவர் மோட்டாரில் கிடைத்தபின் மதகுப் படி எத்தனை முழுகியது என்று கேட்க ஆள் இல்லை. நீர்க்கட்டி வேலைக்கும் ஆள் இல்லை. மணல் எடுத்து எடுத்து ஆற்றின் மட்டம் இறங்கியது. ஊற்றுக்கால்கள் மேட்டில் நின்றுவிட்டன. 2021 நவம்பரில் செய்யாறு பெருகித் தரைப்பாலத்தின் மேல் ஓடியபோது உத்திரமேரூர்ப் போக்குவரத்தே நின்றது. அவ்வளவு தண்ணீரும் பாலாற்றில் கலந்து கடலுக்குப் போனது. அடுத்த கோடையில் மோட்டார்கள் மறுபடி ஆழம் தேடின.

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லாரும் கொண்டாடுகிறோம். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலிருந்து ஆள் தேர்ந்தெடுத்து, அதில் 6 பேரை ஏரி வாரியத்துக்கென்றே ஒதுக்கினார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் உறவினரும் நிற்க முடியாது. ரேடார் இல்லாத அந்த மனிதர்கள் மழையை நாள் குறித்துச் சொல்ல முயலவில்லை. ஏரிக்குப் பொறுப்பு யார் என்பதைக் கல்லில் எழுதிவைத்தார்கள்.

அந்த வழக்கத்தை மீட்கப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மே 1 அன்று கிராம சபை கூடுகிறது. ஏரி வற்றியிருக்கும் நேரம் அது. எந்தக் கால்வாயை யார் தூர்வாருவது என்று அன்றே பெயர் சொல்லி எழுதலாம். அக்டோபர் 2 அன்று மறுபடி சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் அக்டோபர் 20க்குச் சில வாரம் முன்னால். கால்வாய் திறந்திருக்கிறதா, மதகுப் பலகை ஏறி இறங்குகிறதா, செலவு எவ்வளவு என்று அன்று சபையில் வாசிக்கட்டும். வாசிக்காதவரை ஊரே எழுந்து கேட்கட்டும். மழை வரும் மணி தெரிந்திருக்கும் ஊருக்கு, கால்வாய் அடைந்திருந்தது தெரியாது என்று சொல்லும் உரிமை இனி இல்லை.