படத்துலே ஒரு செருப்பை வை, பேராண்டி

பேஷ் பேராண்டி! பானேர் பங்களாவிலேருந்து கோத்ரூட் வீடு வரைக்கும் புனேயோட புது வீடுகளையெல்லாம் ஒரே புத்தகத்துலே அடைச்சுட்டே. தூக்கிப் பார்த்தேன், தோள்பட்டை கழண்டுபோச்சு. இன்னும் ரெண்டு கிலோ ஏத்து, விலையும் தானா ஏறும்.

எழுத்தை இன்னும் பொடிசாக்கு. வெள்ளைத் தாள்லே சாம்பல் எழுத்து, சீனி டப்பாவைச் சுத்துற எறும்பு கணக்கா. பெரிசாப் போட்டா, கட்டினவர் என்ன சொல்றார்னு ஜனங்க படிச்சுத் தொலைப்பாங்க. இதே ஊர்லே சதாசிவ் பேட் ஆளுங்க வாசல்லே பலகை மாட்டுறாங்களே, மத்தியானம் 1 முதல் 4 வரைக்கும் மணியடிக்காதே, வண்டியை இங்கே நிறுத்தாதேன்னு. தெருமுனையிலே வரும்போதே உறைக்குது. டிசைன் காலேஜ் பக்கமே போகாதவங்க, பாவம். நீ படிச்சவன்.

பிளான் போட்டுடாதே. அடுப்படிக்கு நேரா கக்கூஸ் கதவு இருக்குன்னு என்னை மாதிரிக் கிழடு கண்டுபிடிச்சுடும். வடக்கு காட்டுற அம்புக்குறியும் வேண்டாம். ஜூன் மாச மழை எந்தக் கண்ணாடியிலே வந்து அறையும்னு தெரிஞ்சுபோகும். மனசு கேக்கலைன்னா ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போடு, மாடிப்படி தையல் மடிப்புக்குள்ளே போய் விழுற மாதிரி.

லாரி பேக்கர்னு திருவனந்தபுரத்துலே ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். வீடு கட்டுற செலவைக் குறைக்க ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எழுத்தும் அவர் கை, படமும் அவர் கை. கொத்தனார் பார்த்தா அப்படியே கரண்டியை எடுத்துடலாம். அந்தக் கேவலம் உனக்கெதுக்கு?

ஆமா, படங்கள்லே ஒரு மனுஷப் பூச்சியைக் காணோமே? கொடியிலே துணியில்லை, மூலையிலே துடைப்பமில்லை, வாசல்லே ஒத்தச் செருப்புகூட இல்லை. அலமாரியிலே மூணே மூணு பீங்கான். எதுலேடா சோறு திங்கிறாங்க? பால் காய்ச்சுறதுக்கு முந்தியே கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டியா?

நீயே ஒருநாள் சொன்னியே, லாஸ் வேகாஸைப் பத்தி வெஞ்சூரிங்கிற கட்டடக்கலைஞரோட கூட்டம் எழுதின புத்தகத்தை. 1972-லே மியூரியல் கூப்பர் அம்மா பெரிசா, பிரமாதமா வடிவமைச்சாங்க, எழுதினவங்களுக்கே பிடிக்கலை. 1977-லே சின்னதாக்கி, மலிவாப் போட வேண்டியதாச்சு. நீ அந்த ரெண்டாம் பதிப்பையே முதல்லே போட்டுடேன், அஞ்சு வருஷம் மிச்சம். அச்சகத்துக்காரர்கிட்டே வேணா நான் பேசவா?