கிராம் கணக்கர்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு ஈசிஆரில் அக்கரைப் பக்கம் டீக்கடை வாசலில் நின்றால் கிராம் கணக்கரைத் தரிசிக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மென்பொருள் நிறுவனத்தில் பத்துப் பதினைந்து பேரை மேய்க்கிற உத்தியோகம். தொந்தி கரைந்துவிட்டதாக அவர் சொல்வார், ஜெர்சி அதை ஒப்புக்கொள்ளாது. அவர் வந்திருப்பது பிரெவேக்கு. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் மிதித்து முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் ‘சூப்பர் ராண்டோனர்’ பட்டம். அதற்கும் மேலே, 1891-இல் தொடங்கி இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்கிற 1200 கிலோமீட்டர் கைலாசம் இருக்கிறது. “இது பந்தயம் இல்ல சார், ரேங்க் எல்லாம் கிடையாது” என்று அவர் அடக்கமாகச் சொல்வார். அது உண்மைதான், விதியும் அப்படித்தான் சொல்கிறது. சொன்ன கையோடு, போன மாதம் மூன்றாம் மாடிக்காரர் எத்தனை மணிக்கு முடித்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வார்.

பிரெவேக்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். கேக் செய்வதற்கு மாவு நிறுக்க வாங்கிய டிஜிட்டல் தராசு சமையலறையிலிருந்து பால்கனிக்குக் குடிபெயரும். சீட் போஸ்ட்டின் இரும்பு போல்ட்டைக் கழற்றி நிறுப்பார், டைட்டானியம் போல்ட்டை மாட்டி மறுபடி நிறுப்பார், வித்தியாசத்தை எக்செல்லில் ஏற்றுவார். தண்ணீர் பாட்டில் செருகும் கூண்டுகள் இரண்டையும் கார்பனுக்கு மாற்றியதில் முப்பது கிராம் மிச்சம். அந்தக் கூண்டுகளில் உட்காரப்போகும் 750 மில்லி பாட்டில்கள் இரண்டும் நிரம்பினால் ஒன்றரை கிலோ என்பது எக்செல்லில் ஏறாது. அவரைக் கஞ்சன் என்றோ ஊதாரி என்றோ சொல்ல வரவில்லை. எடைபோடக்கூடிய, பில் போடக்கூடிய எதிரியோடு மட்டும்தான் அவர் சண்டைக்குப் போகிறார் என்பதே இங்கே வாதம். எடையும் இல்லாமல் பில்லும் இல்லாமல் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு எதிரி அவருக்கு இருக்கிறது. சென்னையில் அதற்குப் புழுக்கம் என்று பெயர். அவருடைய பிரெவே கார்டில் டிஎன்எஃப் (முடிக்கவில்லை) என்று எழுத வைப்பது பெரும்பாலும் அதுதான்.

முதலில் கிராம் கணக்கையே அவருடைய பாணியில் சரிபார்ப்போம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி என்றால் சாப்பாடு, பஞ்சர், ரயில்வே கேட் எல்லாம் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான சராசரி போதும். காலையில் கேன் மாட்டிக்கொண்டு கிளம்பும் பால்காரருக்கு அது எட்டாத வேகம் இல்லை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்துக் குறைத்த முந்நூறு கிராம் அதில் மூன்றில் ஒரு சதவீதம். ஏலகிரியில் கொண்டைஊசி வளைவு ஏறுகிறவருக்கு அது கொஞ்சமாவது கணக்கில் வரும். ஈசிஆரோ தோசைக்கல் மாதிரி கிடக்கிறது. சமதரையில் சைக்கிளைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. எடையின் பங்கு டயர் உராய்வோடும், நின்று கிளம்பும்போது மிதிக்கும் முதல் சில மிதிகளோடும் முடிந்துவிடுகிறது. அது போக, மே மாதத்தில் அவர் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர், சில சமயம் அதற்கு மேலும், வியர்வையாகக் கொட்டுகிறது. ஒரு லிட்டர் என்பது ஒரு கிலோ. எடை குறைப்பதுதான் லட்சியமென்றால் கோவளம் தாண்டி மகாபலிபுரம் போய்ச் சேர்வதற்குள் செலவில்லாமல் நிறைவேறியிருக்கும்.

அந்த வியர்வையில்தான் விஷயம் இருக்கிறது. மனித உடம்பு மிதிக்கும்போது செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி முழுக்க வெப்பம். பெடலுக்கு 150 வாட் கொடுப்பவர் உள்ளே சுமார் 450 வாட்டுக்கு அடுப்பெரிக்கிறார். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் இது நடந்தால் அந்த அடுப்பை அணைக்கத் தாராளமாகப் போதும். ஆனால் ஆவியாக வேண்டும், சும்மா ஒழுகினால் பிரயோஜனமில்லை. ஜெய்சால்மரில் வியர்த்தது தெரிவதற்குள் காய்ந்துவிடும். கல்பாக்கம் பக்கத்தில் முழங்கை நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, ஸ்டெம்மின் டைட்டானியம் போல்ட்டின் மேல் விழுவதை நின்று பார்க்கலாம். அந்தச் சொட்டு உடம்பிலிருந்து நீரையும் உப்பையும் எடுத்துக்கொண்டது, பதிலுக்கு அரைக்கால் டிகிரி குளிர்ச்சிகூடக் கொடுக்கவில்லை. இதில் இன்னொரு குறும்பும் உண்டு. திரும்பி வரும்போது காற்று முதுகில் தள்ளினால் கிராம் கணக்கர் குதூகலிப்பார், வேகம் கூடும். அவர் 25 கிலோமீட்டரில் போக, காற்றும் 18 கிலோமீட்டரில் கூடவே வந்தால் தோலில் படுவது ஏழு கிலோமீட்டர்க் காற்றுதான். வியர்வை காய வழியே இல்லை. குளிர்விக்க வேண்டி ரத்தம் தோலுக்கு ஓடுவதால் அதே மிதிக்கு நாடித் துடிப்பு பத்துப் பதினைந்து கூடுகிறது. அவர் நாடி அளக்கும் நெஞ்சுப்பட்டையின் பேட்டரி தீர்ந்துவிட்டதாக முடிவு கட்டுவார்.

இதற்கு வைத்தியம் கண்டுபிடித்து வெகு காலமாகிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்களின் ஆழத்தில், சூடும் ஈரமும் சேர்ந்து தொழிலாளர்கள் சுருண்டு விழுந்து இறந்த பிறகு, புதிதாக வருகிறவர்களை நாள் நாளாக வேலையைக் கூட்டி வெப்பத்துக்குப் பழக்கும் முறை சென்ற நூற்றாண்டின் முதல் பாதியிலேயே வந்துவிட்டது. பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உடம்பு மாறுகிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், நிறைய வரும், அதில் உப்பு குறையும், நாடி இறங்கும். 2010-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்ற சைக்கிள்காரர்கள் பன்னிரண்டு பேரைப் பத்து நாள் 40 டிகிரி வெப்பத்தில் மிதிக்க வைத்துப் பார்த்தார்கள். நேரச் சோதனையில் அவர்கள் திறன் வெப்பத்தில் 8 சதவீதமும், குளிர்ச்சியிலும் 6 சதவீதமும் கூடியது. ஒரு பக்கம் முந்நூறு கிராமுக்கு மூன்றில் ஒரு சதவீதம், இன்னொரு பக்கம் பத்து நாள் வியர்வைக்கு எட்டு சதவீதம். எக்செல்லில் அடுத்தடுத்த கட்டங்களில் போட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

‘சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வெயிலைப் பழக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். ஏசி அறையில் எழுந்து, இருட்டோடு இருட்டாக நாற்பது கிலோமீட்டர் மிதித்து, சூரியன் தலைகாட்டுமுன் வீடு திரும்பி, ஏசி காரில் ஏறி, தரமணியில் கம்பளிச் சட்டை கேட்கும் குளிரில் பத்து மணி நேரம் உட்கார்ந்து, இரவு 23 டிகிரியில் போர்த்திக்கொண்டு படுக்கிறார். ஆதார் அட்டையில்தான் சென்னை, உடம்பு குடியிருப்பது குன்னூரில். வார நாளில் மழையோ வெயிலோ வந்தால் டிரெயினரில் சைக்கிளைப் பூட்டி, ஏசியோடு ஃபேனையும் வைத்துக்கொண்டு மிதிக்கிறார். அதே வேளையில் வெளியே தண்ணீர் கேன் கட்டிய சைக்கிளை உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டு போகிறவரின் உடம்பு, விட்வாட்டர்ஸ்ரான்ட் பாடத்தை யாரும் சொல்லிக்கொடுக்காமலே படித்து வைத்திருக்கிறது. அவர் விரும்பிப் படித்த படிப்பு இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

விடிகாலைப் பயிற்சி மடத்தனமா என்றால், இல்லை. லாரிகள் குறைவு, தெருநாய்களும் பாதித் தூக்கத்தில் இருக்கும், அலுவலகத்துக்கு நேரத்தோடு போகலாம். ஆனால் இதம் என்று அவர் நம்பும் அந்த ஐந்து மணிக்குத்தான் ஒப்பு ஈரப்பதம் உச்சத்தில், எண்பது சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. வெப்பம் குறைவு என்பதால் பிழைத்துக்கொள்கிறார். பிரெவே பதின்மூன்று மணி நேரம் நடப்பதால் பதினோரு மணியும் வரும், இரண்டு மணியும் வரும், அந்த மணிகளை அவர் உடம்பு முன்பின் பார்த்ததில்லை. ‘அப்படியானால் அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலில் மிதித்துச் சாகச் சொல்கிறீர்களா?’ என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். சொல்லவில்லை. மாலை நான்கரைக்கு, தெரிந்த தெருக்களில், பேச்சுத்துணைக்கு ஒருவரோடு, மூச்சு வாங்காத மிதியில் அரை மணியில் தொடங்கி ஒரு மணியாக்கினால் போதும். உடம்பு சிலிர்த்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ, பேச்சு குழறினாலோ அன்றைய கணக்கை அங்கேயே மூடி நிழலுக்குப் போக வேண்டும். இதய நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. ஆபத்து வெயிலில் இருக்கிறது என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை, பழகாத உடம்போடு அதில் முதன்முதலாக இறங்கும் நாள் பிரெவே நாளாக இருப்பதில் ஆபத்து அதிகம் என்பதும்.

அடுத்தது உப்பு. இங்கேயும் அவர் விலையைப் பார்த்தே தேர்கிறார். ஐரோப்பியக் குளிருக்குச் செய்த ஜெல் பாக்கெட்டுகளைப் பதினொன்று வாங்கி ஜெர்சிப் பையில் அடுக்குகிறார், பகலுக்குள் அவை கஷாயமாகிவிடுகின்றன. பிறகு வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிக்கிறார். 2002 பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது, முக்கியக் காரணம் அளவுமீறிய நீர். வெயில் வாட்டாத ஊரிலேயே அந்தக் கதி. மரக்காணத்தில் சாலையோரம் உப்பளங்கள் பாத்தி பாத்தியாக மின்னுகின்றன, வெள்ளைக் குவியல்கள் ஓலை மூடிக் கிடக்கின்றன, கிராம் கணக்கரின் கறுப்பு ஜெர்சியிலும் உப்புக்கோடுகள் வரைபடம் போட்டிருக்கின்றன. சுற்றிலும் உப்பு, மேலெல்லாம் உப்பு, உள்ளேதான் இல்லை. தொடை பிடித்துக்கொண்டு வேலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். “எங்கேர்ந்து சார் வர்றீங்க?” என்று இளநீர்க்காரர் கேட்கிறார். “மெட்ராஸ்லேர்ந்துண்ணே.” “ஏன் சார், பஸ் எதுவும் ஓடலியா?” இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். அதனால் அந்த நேரத்தில் கேட்டு வாங்க வேண்டியது ஒரு சிட்டிகை உப்பும்தான். அரை டீஸ்பூன் உப்பு கரைத்த ஒரு செம்பு நீர்மோரில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் இருக்கிறது, ஒரு லிட்டர் வியர்வை கொண்டுபோவதும் சுமாராக அவ்வளவுதான். ‘ரத்தக்கொதிப்புக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாரே’ என்பார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாளுக்குச் சொன்னது அது. மிதிக்கிற நாளுக்கு எவ்வளவு என்று அதே டாக்டரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை, டயர் அழுத்தம் எவ்வளவு என்று ஆறு பேரைக் கேட்டிருந்தபோதிலும்.

கடைசி ஆட்சேபம் அவருடைய நண்பர்களிடமிருந்து வருகிறது: ‘அவர் காசு, அவர் சைக்கிள். அந்தப் போல்ட்டை வாங்கினால்தான் மறுநாள் எழுந்து மிதிக்கத் தோன்றுகிறது. உற்சாகத்துக்கு விலை வைக்கலாமா?’ இதை மறுப்பதற்கில்லை. சோபாவில் சாய்ந்திருக்க வேண்டிய ஒருவரைச் சாலைக்குக் கொண்டுவந்தது அந்தப் போல்ட் என்றால் அது கொடுத்த காசுக்கு உழைத்துவிட்டது. ஆனால் மரக்காணத்து மரத்தடியில் அவர் எடுக்கும் முடிவு, சக்கரத்தையும் கார்பனுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது. தோல்விக்கான காரணம் எங்கோ இருக்க, செலவு வேறெங்கோ நடக்கிறது. வாங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, வாங்கியதைப் படம் எடுத்து ஸ்ட்ராவா செயலியில் போடலாம், நாலு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். இரண்டு வாரம் ஏசியை அணைத்துவிட்டு மாலையில் வியர்த்ததற்கு யாரும் கட்டைவிரல் காட்ட மாட்டார்கள். வீட்டிலோ, “ஒங்க சைக்கிளுக்காக நாங்க எதுக்குங்க வேகணும்?” என்று கேட்டு ரிமோட்டை எடுத்துவைத்துவிடுவார்கள். அதற்கு அவரிடம் பதில் கிடையாது, மொட்டைமாடியில் பாய்தான் உண்டு.

ஆகவே அவர் நலம் நாடுகிறவர்கள் உபதேசத்தை விட்டுவிட்டு வியாபாரத்தில் இறங்குவது நல்லது. பளபளப்பான கறுப்புப் பெட்டி ஒன்று செய்து, உள்ளே நூறு கிராம் கல்லுப்பும், பதினான்கு நாள் கால அட்டவணையும், ‘மாலை நான்கரைக்கு மேல் மட்டும்’ என்ற எச்சரிக்கையும் வைத்து, பதினெட்டாயிரம் ரூபாய் என்று விலை ஒட்ட வேண்டும். வாங்கிவிடுவார், சொன்னபடி செய்தும் விடுவார், பதின்மூன்றரை மணிக்குள் முடித்தும் காட்டுவார். சைக்கிளில் கூடும் எடை பூஜ்யம் கிராம் என்பதை மட்டும் மூடியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட வேண்டும்.